தினமும் பிரஷ்ஷால் உடம்பு தேய்த்தவரின் ஆறாத கால் புண்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊர் மருத்துவமனைக்குக் காலில் புண்ணோடு வந்த ஒரு பெண்மணியைப் பற்றிய பதிவு இது. புண் சின்னதுதான். அது எப்படி வந்தது என்று தேடிப் போனபோது, உடம்பை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஆசையாகத் தொடங்கிய ஒரு பழக்கத்தில் போய் நின்றது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததை அவருடைய மருமகள் வாசித்துக் காட்ட, அவர் முழுவதும் கேட்டு ஒப்புக்கொண்டார். பொது மருத்துவம் பார்ப்பவர்கள், செவிலியர்கள், கிராமங்களில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள், வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

ஐம்பதை நெருங்கும் வயது. திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். இவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் போகும். காலையில் மேசை முன்னால் நின்றால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் உட்கார முடியும். வீட்டில் மகன், மருமகள், பள்ளிக்குப் போகாத வயதில் ஒரு பேரன்.

சர்க்கரை நோய் தெரிந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. காலை மாத்திரையைத் தவறாமல் போடுவார். இரவு மாத்திரை, வேலை முடிந்து வந்த அசதியில் பல நாள் விட்டுப்போகும்.

அந்த வீட்டில், இந்தப் பக்கத்து எல்லா வீட்டையும் போல, இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க போர்வெல் உப்புத் தண்ணி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோல் பற்றிய கதையில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கடினத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் போடுவோம். தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து, அலசினாலும் போகாத ஒரு படிவாகத் தோலில் தங்கும். அதோடு நம் கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும், மார்கழி, தைப் பனியும் தோலில் இருக்கும் ஈரத்தை இழுத்துவிடும்.

குளியல் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் வளர்ந்தவர். செவ்வாய், வெள்ளியில் எண்ணெய்க் குளியல், தலைக்கு அரப்பு (உசிலை இலைப் பொடி), உடம்புக்குப் பீர்க்கங்காய் நார். கல்யாணத்துக்குப் பிறகு பீர்க்கங்காய் நாரின் இடத்துக்கு நைலான் நார் வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தினமும் அந்த நைலான் நாரால் அழுத்தித் தேய்த்துத்தான் குளித்திருக்கிறார். அழுக்குப் போக வேண்டும், அப்புறம் கம்பெனித் தூசி போக வேண்டும்.

எங்களிடம் வருவதற்குச் சுமார் ஒரு வருடத்துக்கு முன்னால், மருமகள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். குளிப்பதற்கு முன் உலர்ந்த உடம்பைப் பிரஷ்ஷால் பாதத்திலிருந்து இதயத்தை நோக்கித் தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடும், உடம்புக் கழிவு வெளியேறும், தோல் பளபளக்கும் என்று அதில் சொன்னார்கள். நீண்ட மரக் கைப்பிடி வைத்த ஒரு பிரஷ் ஆன்லைனில் வந்து சேர்ந்தது. மருமகள் சில வாரத்தில் விட்டுவிட்டார், எப்போதாவதுதான் எடுப்பார். மாமியார் விடாமல் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் கண்டது

அவர் வந்தது இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் இருந்த ஒரு புண்ணுக்காக. இரண்டு வாரமாக ஆறவில்லை. ஒரு ரூபாய் நாணய அளவு. ஆழம் இல்லை. ஆனால் சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. காய்ச்சல் இல்லை. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. உள்ளே வரும்போதே அவர் கேட்ட முதல் கேள்வி: “சர்க்கரைப் புண்ணுங்களா? காலை எடுக்கோணுமுங்களா?” பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் கால் விரல் எடுத்ததைப் பார்த்தவர். அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கினோம்.

புண்ணை மட்டும் பார்த்துக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் புண்ணைச் சுற்றி இருந்த தோல் வேறு எதையோ சொல்லியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலின் முன்பக்கமும் வறண்டு செதில் செதிலாக வெடித்திருந்தது. அதன் மேல் நீளவாக்கில், ஒன்றுக்கொன்று இணையாக, மெல்லிய கீறல் கோடுகள். நகத்தால் சொறிந்த கீறல் இப்படி ஒழுங்காக இருக்காது. அது திசை மாறும், ஓரிடத்தில் ஆழமாகும். இவை எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தன.

செவிலியர் துணையோடு முதுகையும் கைகளையும் பார்த்தோம். தோள்பட்டை எலும்பின் மேல், காறை எலும்பின் மேல், மேல்கையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறம் ஆகிய இடங்களில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் அலை அலையான வரிகளாகக் கருமை படிந்திருந்தது. அக்குள், தொடையின் உள்பக்கம், முழங்கை மடிப்பு, முகம் எல்லாம் சுத்தமாக இருந்தன. அதாவது, பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிற இடங்களில். இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது தோள்பட்டையில் கருமை வலதைவிட அதிகம். அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர். வலது கையில் பிடித்த நீண்ட கைப்பிடி முதலில் எட்டுவது இடது தோள்பட்டையைத்தான். அப்போது எங்களுக்குப் பிரஷ் பற்றித் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு பொருள் இங்கே வேலை செய்திருக்கிறது என்று தோன்றியது.

இடுப்பில், உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில், வட்ட வட்டமாக விளிம்பு தடித்த படை. அதற்கு மருந்துக்கடையில் வாங்கிய ஒரு டியூபைப் பல மாதமாகத் தடவி வந்திருக்கிறார். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு அது. தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் முன்பைவிட அகலமாக வரும். இந்தியா முழுக்கப் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இந்த மாதிரிக் கலவைக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம். 2018இல் வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கடுமையாக்கப்பட்ட பிறகும், சீட்டு இல்லாமல் கை மாறுவது நிற்கவில்லை.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற இழையை வைத்துப் பாதத்தின் தொடு உணர்ச்சியைப் பார்த்தோம். இரண்டு பெருவிரலிலும், வலது காலில் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் அவருக்குத் தொடுவது தெரியவில்லை. இந்தச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

அரிப்புக்காக அவர் செய்துகொண்ட மற்றவையும் உண்டு. கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். சூட்டு உடம்பு என்று யாரோ சொன்னதால் கோழியும் இல்லை. சொறிக்கான (தோலில் நுண்பூச்சி புகுந்து வரும் ஸ்கேபீஸ்) மருந்தை வேறு ஓரிடத்தில் கொடுக்க, கழுத்து முதல் கால் வரை இரண்டு தடவை பூசியிருக்கிறார். விரல் இடுக்கிலோ மணிக்கட்டிலோ சொறி இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் இரவு அரிப்பும் இல்லை.

ஒரு கேள்வி

தோல் நோயாளியிடம் நாம் வழக்கமாகக் கேட்பது: என்ன சோப்பு, என்ன எண்ணெய், என்ன களிம்பு, என்ன சாப்பாடு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதற்கப்புறம், “குளிக்கறப்ப எதுல தேய்ப்பீங்க?” என்று கேட்டோம்.

“நைலான் நாருதாங்க. எல்லாரும் தேய்க்கறதுதானுங்களே.”

பின்னால் நின்ற மருமகள் மெதுவாக, “அத்தை, அந்தப் பிரஷ்ஷையும் சொல்லுங்க” என்றார்.

அதன் பிறகுதான் முழுதும் வந்தது. காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் குளியலறைக் கதவைத் தாழிட்டு, கால் மணி நேரம் தேய்ப்பார். அரிப்பு கூடக் கூட அழுத்தமும் கூடியது. தேய்க்கும்போது சுகமாக இருக்கும், தேய்த்து முடித்து வெந்நீர் ஊற்றினால் இன்னும் சுகம், அரை மணி நேரத்தில் திரும்பவும் ஊறலெடுக்கும். பாதத்தையும் விடவில்லை. “வலியே தெரியாதுங்க, அதனால நல்லாத் தேய்ப்பனுங்க” என்றார். அந்தப் பாதத்தில்தான் உணர்ச்சி குறைந்திருந்தது.

பிரஷ்ஷை அடுத்த முறை எடுத்துவரச் சொன்னோம். பன்றிமயிர் போல் விறைத்த முள், ஓரங்களில் தேய்ந்து கூராகியிருந்தது. முள்ளின் அடியில் செதில் அடைந்து கிடந்தது. கழுவி வெயிலில் வைக்கும் வழக்கம் இல்லை, குளியலறை மூலையில் ஈரத்தில் தொங்கும். மருமகளுக்கும் இடுப்பில் அதே வட்டப் படை இருந்ததை அன்று கண்டோம். ஒரே பிரஷ், ஒரே துண்டு, ஒரே வாளியில் ஊறும் துணி. இதில் எது பூஞ்சையைக் கடத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரஷ் அதில் ஒன்று.

பரிசோதனைகளும் நோய் அறிதலும்

மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 8.6 சதவீதம், அதிகம். ஹீமோகுளோபின் 9.8, குறைவு. தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் மூன்றும் சரியாக இருந்தன. உடம்பு முழுவதும் அரிப்பு என்று வருபவருக்கு இவற்றைப் பார்க்காமல் தோலை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ரத்தசோகையும் சர்க்கரையும் இங்கே அரிப்புக்குத் துணை போயிருக்கலாம். இடுப்புப் படையிலிருந்து சுரண்டி எடுத்த செதிலை நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சை இழைகள் தெரிந்தன.

முதுகின் வரிக் கருமைக்காகக் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் சிறு தோல் துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். காங்கோ ரெட் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தபோது மேல்தோலுக்குச் சற்றுக் கீழே பச்சையாக ஒளிர்ந்த படிவுகள். தோலில் மட்டும் வரும் மாக்யுலர் அமிலாய்டோசிஸ் (அமிலாய்டு என்னும் புரதப் படிவால் தோல் கருப்பது) என்று முடிவு வந்தது.

இந்தப் பெயர் அந்த வீட்டில் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. மகன் போனில் தேட, அமிலாய்டு இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும் நோய் பற்றிய பக்கங்கள் வந்திருக்கின்றன. மாமியார், மருமகள், மகன் மூவரும் அதிகாலையிலேயே வந்து நின்றார்கள். உட்கார வைத்து விளக்கினோம். உள்ளுறுப்புகளைத் தாக்கும் அமிலாய்டு வேறு. இவருடையது மேல்தோல் செல்களின் கெரட்டின் புரதம் சிதைந்து, அங்கேயே கீழே படிந்தது. அது உள்ளே போகாது, ஆயுளைக் குறைக்காது. ஆனால் அரிக்கும், கருக்கும், போவதற்கு நாளாகும். இந்த வகை நோய்ப்பெயரைச் சொல்லும்போதே, எது இல்லை என்பதையும் சேர்த்து அதே நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உராய்வுக்கும் இந்தக் கருமைக்கும் தொடர்பு பழையது. 1980களில் ஜப்பானில், நைலான் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு எலும்பு மேட்டில் இப்படிக் கருமை வருவதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இந்தியாவிலும் தேய்க்கும் நார், பிரஷ், கரடுமுரடான துண்டு ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் தேய்க்கிற எல்லோருக்கும் வருவதில்லை. இவரிடமும் பிரஷ்தான் எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வருட நைலான் நார், உப்புத் தண்ணி, வறண்ட காலநிலை, சர்க்கரை எல்லாம் அடித்தளம் போட்டன. அதன் மேல் ஒரு வருடப் பிரஷ், அரிப்புக்குத் தேய்ப்பு, தேய்ப்பால் அரிப்பு என்ற சுழலைத் தொடங்கிவைத்தது.

தோலின் மேலடுக்கு உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. இறந்த செல்கள் ஓட்டு வீட்டின் கூரை போல ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, இடையில் கொழுப்புப் பூச்சோடு இருக்கும். ‘இறந்த செல்லை நீக்குகிறோம்’ என்று பிரஷ்ஷைப் போடும்போது நீங்குவது இந்தக் கூரைதான். மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். தினமும் தேய்த்தால் அது கட்டி முடிப்பதற்குள் கலைந்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புண்ணுக்குச் செய்தது நேரடியானது. உப்புக் கரைசலால் கழுவி, எளிய கட்டு, வாய்வழி ஆன்டிபயாட்டிக் சில நாள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் தோலில் வரைந்து, கோட்டைத் தாண்டினால் இரவானாலும் வரச் சொன்னோம். தாண்டவில்லை.

அடுத்த முடிவு வரிசையைப் பற்றியது. முதுகு, கைகளின் அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு உதவும். ஆனால் இடுப்பில் பூஞ்சை இருக்கும்போது ஸ்டீராய்டு டியூபை அந்த வீட்டில் வைத்தால் அது இடுப்புக்கும் போகும், மருமகளுக்கும் போகும். அதனால் பூஞ்சை முதலில், முதுகு பிறகு என்று தோல் மருத்துவரோடு பேசித் தீர்மானித்தோம். பழைய கலவைக் களிம்பை உடனே நிறுத்தி, மாமியார், மருமகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பூஞ்சைக்கான மாத்திரையும் களிம்பும். உள்பாவாடையைத் தளர்த்திக் கட்டவும், துணிகளைத் தனித்தனியே துவைத்து வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி காய வைக்கவும் சொன்னோம். படை மறைந்த பிறகும் மருந்தைத் தொடர வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொன்னோம்.

மிகவும் யோசித்தது பிரஷ்ஷைப் பற்றித்தான். “நாளையிலிருந்து தொடக் கூடாது” என்று சொல்வது எளிது. அதைச் சொல்லும் முன் செவிலியர் அவரிடம் தனியாகக் கேட்டார்: “அதுல உங்களுக்கு என்னங்கக்கா பிடிச்சிருக்கு?”

“அந்தக் கால் மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க கண்ணு. தாழ்ப்பாள் போட்டுட்டா நான் மட்டுந்தான். என் உடம்பை நானே பாத்துக்கற மாதிரி இருக்கும்.”

அந்தப் பதில்தான் சிகிச்சையின் போக்கைத் தீர்மானித்தது. விடியலில் எழுந்து சமைத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று, திரும்பி வந்து பேரனைப் பார்க்கும் ஒரு பெண், ஒரு நாளில் தனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தப் பதினைந்து நிமிடம்தான். அதைப் பிடுங்கினால் நாம் சொல்லும் மற்ற எதையும் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. எனவே நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதை மாற்றினோம்.

புதிய வழக்கம் இப்படி. பிரஷ், நைலான் நார் இரண்டும் வீட்டை விட்டு வெளியே. குளியல் ஐந்து நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும், மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும். அரப்பு தலையோடு நிற்கட்டும், உடம்புக்கு வேண்டாம். அரப்பு எண்ணெயை நன்றாக எடுக்கும், வறண்ட உடம்புக்கு அதுவே கூடுதல். நல்ல தண்ணி கிடைக்கும் நாளில் கடைசி இரண்டு சொம்பு அதில். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுதும் காயும் முன், உள்ளங்கையால் மெதுவாகத் தடவ வேண்டும். தோள், கை, வயிறு, கால் என்று வரிசையாக. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் மட்டும் எதுவும் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் புண் வரும்.

எதைத் தடவுவது? வறண்ட காலுக்கு யூரியா கலந்த கிரீம் நல்லது. ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும். முதல் நாளே எரிந்தால் அவர் நிறுத்திவிடுவார். அதனால் முதலில் வெறும் வாசலின், வெடிப்பு மூடியபிறகு யூரியா 10 சதவீதக் கிரீம். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்டார். காங்கேயம் கொப்பரைக் களங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 2004இல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. படை உள்ள இடத்தைத் தவிர்த்துப் போடலாம், குளியலறைத் தரையில் நின்றபடி போட வேண்டாம் என்றோம். எண்ணெய்த் தரையில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சர்க்கரைக்கு இரவு மாத்திரையைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடு, மருந்து அளவில் மாற்றம், இரும்புச்சத்து மாத்திரை, உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது). கத்திரிக்காய், முட்டை, கோழி எல்லாம் திரும்பவும் தட்டுக்கு வந்தன. ரத்தசோகை உள்ளவரின் தட்டிலிருந்து முட்டையை எடுத்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

பிறகு நடந்தது

முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் இருந்தது. ஸ்டீராய்டு நின்றதால் இடுப்புப் படை சிவந்து எரிந்தது. உடம்பு முழுவதும் தேய்ப்பைக் கேட்டது. ஓர் இரவு தாங்க முடியாமல் வெளியே போட்ட பிரஷ்ஷைத் திரும்ப எடுத்துத் தேய்த்திருக்கிறார். மறுநாள் மருமகள் அழைத்துச் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரிக்கும் இடத்தில் ஈரத் துணியை மடித்துப் பத்து நிமிடம் வைக்கவும், வாசலின் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துத் தடவவும் சொன்னோம். இரவில் அரிப்பு அடங்க ஒரு மாத்திரை சில நாள் கொடுத்தோம். இப்படி ஒரு சரிவு வரும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் அவர் சிகிச்சையை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே பிரஷ்ஷை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

புண் ஒரு மாதத்துக்குள் மூடியது. இடுப்புப் படை இருவருக்கும் போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் முதுகுக்குத் தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பைக் குறுகிய காலத்துக்கு, அளவு சொல்லி, டியூபை எங்களிடம் காட்டி வாங்கும் நிபந்தனையோடு தொடங்கினார்.

கிரீம் விலை ஒரு சிக்கலாகவே இருந்தது. மாதக் கடைசியில் யூரியா கிரீம் தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை வாங்க மாட்டார். அந்த நாட்களில் எண்ணெய், காலுக்கு மட்டும் கிரீம் என்று பிரித்தபிறகு ஒரு டியூப் இரண்டு மாதம் வந்தது. ஆடிக் காற்றில் கால் மறுபடியும் செதில் விட்டபோது தடவுவதை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆக்கினார், யாரும் சொல்லாமலே.

நான்காம் மாதம் ஒரு நாள் கம்பெனிக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு வந்தார். வலது பாத மேட்டில், உணர்ச்சி குறைந்த அதே இடத்தில், சிறு கொப்புளம். ஒரு கல்யாணத்துக்குப் போட்ட புதுச் செருப்பு கடித்திருக்கிறது. வலி துளியும் இல்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கண்டதாகச் சொன்னார். கொப்புளம் உடையவில்லை, கட்டி அனுப்பினோம், ஒரு வாரத்தில் சரியானது. இந்த முழுச் சிகிச்சையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நாள் அதுதான். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வலியில்லாத கொப்புளம் யார் கண்ணிலும் படாமல் நடந்து நடந்து குழியாகிற கதை எத்தனையோ உண்டு.

ஆறாம் மாதம் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 7.4, ஹீமோகுளோபின் 11.2. அரிப்பு இருக்கிறது, ஆனால் தூங்குகிறார். கைகளில் கருமை ஓரளவு வெளுத்திருக்கிறது. முதுகில் பெரிய மாற்றம் இல்லை. பாதத்தின் உணர்ச்சியில் மாற்றம் இல்லை, அது திரும்பி வரும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை.

பிரஷ் யாருக்கும் ஆகாதா?

இந்தக் கேள்வியை அவரோடு வேலை செய்யும் பெண்கள் சிலர் வந்து கேட்டார்கள், எனவே பதிவு செய்கிறேன். நோயில்லாத தோலில், மென்மையான முள் கொண்ட பிரஷ்ஷால், வாரத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, சிவக்காத அழுத்தத்தில், சில நிமிடம் தேய்ப்பதால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. உதிர இருக்கும் செதில் போகும், தோலுக்கு அந்த நேரத்தில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும், மனசுக்கு இதமாக இருக்கும். அவ்வளவுதான் அதன் பலன். உடம்புக் கழிவைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன. பிரஷ்ஷால் தோல் வழியே நச்சு வெளியேறும், தொடைக் கொழுப்பின் மேடு பள்ளம் நிரந்தரமாகப் போகும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

கரப்பான் (எக்ஸிமா), சொரியாசிஸ், படர்தாமரை, மரு, வெடிப்பு, புண் உள்ளவர்கள் வேண்டாம். சொரியாசிஸில் உராய்ந்த இடத்திலேயே புதிதாக எழும்பும், மருவும் பூஞ்சையும் பிரஷ்ஷோடு பயணம் செய்யும். சர்க்கரையால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் முழங்காலுக்குக் கீழே தொடவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், பல காலம் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் மெலிந்தவர்களும் தவிர்க்க வேண்டும். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் தொடக் கூடாது, மாமியார் மருமகளாக இருந்தாலும்.

இனி நாங்கள் மாற்றிக்கொள்வது

எங்கள் நோயாளிப் பதிவுத் தாளில் தோல், அரிப்பு, சர்க்கரை என்று வருபவர்களுக்கு மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: எதில் தேய்க்கிறீர்கள், எவ்வளவு நேரம், அதே பொருளை வீட்டில் வேறு யார் எடுக்கிறார்கள். தேய்க்கும் பொருளை அடுத்த முறை கையோடு எடுத்துவரச் சொல்கிறோம். வாயால் “சாதா நாருதாங்க” என்று வரும் பொருள், மேசையில் வைத்துப் பார்க்கும்போது வேறாக இருக்கிறது. பாத்திரம் விளக்கும் கம்பி நாரைக் குதிகாலுக்குப் பயன்படுத்துபவர்களையும் பார்த்தோம்.

சர்க்கரை நோயாளியின் பாத உணர்ச்சியை ஆண்டுக்கு ஒரு முறையாவது இழை வைத்துப் பார்ப்பதை, புண் வந்தால் என்று காத்திருக்காமல், மாத்திரை வாங்க வரும் நாளிலேயே செவிலியர் செய்கிறார். பெண்களின் முதுகைப் பார்க்கத் திரை மறைப்பும் செவிலியர் துணையும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று இடத்தை மாற்றி அமைத்தோம். இந்தப் பெண்மணியின் முதுகை அதற்கு முன் எந்தச் சிகிச்சை இடத்திலும் யாரும் பார்த்திருக்கவில்லை. அவரும் காட்டக் கூச்சப்பட்டிருக்கிறார்.

பழக்கத்தை நிறுத்தச் சொல்லும் முன் அது அந்த ஆளுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம். இதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. கூட்டம் உள்ள நாளில் செவிலியர் கேட்டுக் குறித்து வைக்கிறார்.

அடுத்த பரிசோதனை ஐப்பசியில். முதுகுக் கருமைக்கு இரவில் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்பு தொடங்கலாமா என்று தோல் மருத்துவரோடு அப்போது பேச வேண்டும். அது வறட்சியைக் கூட்டும் மருந்து. மார்கழிப் பனி வரும் நேரத்தில் தொடங்குவதா, பங்குனி வரை பொறுப்பதா என்பதை அன்று அவர் காலின் நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொறுக்கலாம் என்பதுதான் இப்போதைக்கு அவருடைய விருப்பம்.